கிராமத்துச் சிறுவர் சேர்ந்திசைக் குழு: முதலில் ஆள் சேருங்கள், பாட்டு பிறகு

ஊரில் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பாட்டுக் குழு தொடங்க நினைப்பவர்கள் முதலில் பாட்டைத் தேடுகிறார்கள், அடுத்து கீபோர்டைத் தேடுகிறார்கள். இரண்டுக்கும் அவசரமில்லை. முதல் நாள் ஐம்பது பிள்ளைகள் வருவார்கள், மூன்றாம் வாரம் பதினொரு பேர் இருப்பார்கள். இதற்குப் பாட்டு காரணமாக இருப்பது அபூர்வம். ஒரு பிள்ளைக்கு வீட்டில் வேலை இருந்திருக்கும். இன்னொருத்தியை இருட்டிய பிறகு கூட்டிப்போக ஆள் இருந்திருக்காது. பள்ளிக்கூடச் சாவி ஒருநாள் கிடைத்திருக்காது. இவற்றைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள்தான் குழுவை நிலைக்க வைக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பாடவே வராது, வரத் தேவையும் இல்லை.

இது திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துக் கிராமங்களை மனதில் வைத்து எழுதியது. மற்ற மாவட்டங்களில் இருப்பவர்கள் பருவத்தையும் தொழிலையும் மாற்றி வைத்துக்கொண்டால் போதும்.

யார் யார் வேண்டும்

முப்பது பிள்ளைகள் உள்ள குழுவுக்கு ஆறு பேர் வேண்டும். நாலு பேரை வைத்து ஓட்டலாம். ஒருவர் மட்டும் என்றால் ஒரு பருவம்கூடத் தாண்டாது.

பாட்டு சொல்லித் தருபவர் ஒருவர். கச்சேரி செய்பவராக இருக்க வேண்டியதில்லை. சுருதி விலகினால் காதில் உறைக்க வேண்டும், பிள்ளைகளிடம் பொறுமை வேண்டும். ஊரில் ஆள் இல்லையென்றால் விசாரிக்கச் சில இடங்கள் உண்டு. திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே மூன்றாண்டு படித்து முடித்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் பலர் இருப்பார்கள். அரசுப் பள்ளிகளின் பகுதிநேர ஆசிரியர்களிலும் இசை தெரிந்தவர்கள் உண்டு. கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார், சர்ச்சில் கீர்த்தனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர், பஜனைக் கோஷ்டியில் ஜால்ரா தட்டும் பெரியவர், எவராயிருந்தாலும் சரி. எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி பார்ப்பவரா என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாமவர் அவருக்குத் துணை. கல்லூரிக்குப் போகும் பெண்ணோ பையனோ போதும். பயிற்றுநருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய பயிற்சி நின்றுவிடாமல் பழைய பாட்டை ஒருமுறை ஓட்டத் தெரிந்தால் சரி. இந்த ஆளை முதல் மாதத்திலேயே பிடித்துவிடுங்கள். பிறகு என்று விட்டால் கிடைப்பதில்லை.

மூன்றாமவர்தான் குழுவின் முதுகெலும்பு. அவரைப் பொறுப்பாளர் என்று வைத்துக்கொள்வோம், பிள்ளைகள் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடும். வருகைப் பதிவு, பெற்றோர் எண்கள், வராத பிள்ளை வீட்டுக்கு அன்று மாலையே ஒரு போன், எல்லாம் இவர் கையில். 2021-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது தெருத்தெருவாகத் தன்னார்வலர்கள் உருவானார்கள். ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி இறங்கியவர்கள் அவர்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். பாட்டு வாத்தியாருக்குக் கொடுக்கும் மரியாதையும் பயணப்படியும் இவருக்கும் வேண்டும். மேடையில் வாத்தியாருக்கு மட்டும் துண்டு போர்த்தி இவரை ஓரமாக நிறுத்துகிற குழுவில் அடுத்த வருடம் அந்த அக்கா இருக்க மாட்டார்.

நான்காவது, வாத்தியம் வாசிப்பவர். ஐந்தாவது, பணக் கணக்கும் பயண ஏற்பாடும் பார்ப்பவர். ஆறாவது ஆளை எல்லோரும் மறப்பார்கள்: சாவி வைத்திருப்பவர். பள்ளிக் காவலரோ, சத்துணவு அமைப்பாளரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாரிடம் சாவி இருக்கிறதோ அவரையும் குழுவின் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேதி மாறினால் அவருக்கு முதலில் சொல்லுங்கள். முப்பது பிள்ளைகள் பூட்டிய கேட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றால், அடுத்த முறை பாதிப் பேர்தான் வருவார்கள்.

இடம் பிடிப்பது

எந்தத் தெருப் பிள்ளையும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். மற்ற வசதிகள் இதற்குப் பிறகுதான். கோயில் மண்டபம் எதிரொலிக்கும், பாடினால் சுகமாக இருக்கும். ஆனால் சில ஊர்களில் சில பிள்ளைகள் அந்தப் படியில் கால் வைக்க யோசிப்பார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள். அரசுப் பள்ளி வகுப்பறையோ நூலகமோதான் பொருத்தம். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுதி வாங்கினால், தலைமையாசிரியர் மாறினாலும் பேசுவதற்கு ஒரு தாள் இருக்கும்.

தகரக் கூரை வேண்டாம். சாரல் காலத்தில் தூறல் விழுந்தால் பயிற்றுநர் குரலே கேட்காது. ஓட்டுக் கட்டடமோ கான்கிரீட் கட்டடமோ நல்லது. அறையில் ஒரு கைதட்டிப் பாருங்கள். சத்தம் நெடுநேரம் சுற்றினால் சன்னல்களைத் திறந்துவைத்து, பிள்ளைகளைச் சுவரை விட்டு நாலடி தள்ளி நிறுத்துங்கள்.

பிள்ளைகளும் வீடுகளும்

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்கலாம். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஒரு மணி நேரம் நிற்காது. குரல் பார்த்துத் தேர்வு வைக்காதீர்கள். வந்த எல்லோரையும் சேருங்கள், ஆறு வாரத்தில் தானாகச் சலித்து நிற்கும். ஒரு பயிற்றுநருக்கு முப்பது பேர் எல்லை. அதற்கு மேல் வந்தால் இரண்டு அணியாகப் பிரியுங்கள்.

‘இவனுக்குப் பாட்டே வராது’ என்று எவரைப் பற்றியும் முதல் மாதத்தில் முடிவுகட்ட வேண்டாம். ஒரே ஸ்வரத்தில் பேசுகிற மாதிரி பாடும் பிள்ளைக்குக் காது கெட்டுப்போகவில்லை. பாடும் உயரத்துக்குக் குரலை ஏற்றலாம் என்பதே அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை எந்த உயரத்தில் பாடுகிறதோ அதே உயரத்தில் நீங்கள் சேர்ந்து பாடி, அங்கிருந்து மெல்ல ஒவ்வொரு படியாக மேலே கூட்டிவாருங்கள். வாரம் இருமுறை இரண்டு நிமிடம் இப்படிச் செய்தால் பெரும்பாலான பிள்ளைகள் சேர்ந்துவிடும். பாடும்போது சுருதி நிற்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே அந்தப் பிள்ளையை நிற்கவையுங்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். அந்த நேரம் வெளியே அனுப்பினால் திரும்பி வர மாட்டார்கள். கீழ் ஸ்வரங்கள் மட்டும் வரும் வரிகளைக் கொடுங்கள், கஞ்சிராவைக் கையில் கொடுங்கள். எட்டாத மேல் ஸ்தாயிக்கு முக்க விடாதீர்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் பொறுப்பாளரும் இன்னொருவரும் நேரில் போக வேண்டும். இந்தப் பக்கம் பல வீடுகளில் அம்மா பீடி சுற்றுகிறார், மகள் இலை வெட்டவோ நூல் கட்டவோ கூட உட்காருகிறாள். கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய மாலையில் அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வராது, அதற்காக அதைத் திட்டியும் பயனில்லை. “எக்கா, பிள்ளைய எந்தக் கிழமை அனுப்பத் தோதுப்படும்?” என்று கேட்டுவிட்டுக் கிழமையை முடிவு செய்யுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் வீடுகள், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள், ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று எல்லாம் கூட்டிக் கழித்தால் அநேகமாக மிஞ்சுவது சனிக்கிழமை காலை 10 மணியும், வார நடுவில் ஒரு மாலை பள்ளி விட்டவுடன் ஒரு மணி நேரமும்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் சீக்கிரம் இருட்டுவதும் சேர்ந்துகொள்ளும். அப்போது மாலைப் பயிற்சியை 5.15-க்கே முடியுங்கள்.

பதிவு நோட்டில் பெயர், வகுப்பு, தெரு, அம்மா எண், அப்பா எண், கூட்டிப்போக வருபவர் யார், மூச்சிழுப்பு அல்லது வலிப்பு உண்டா, என்ன மாத்திரை என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் குழு இருந்தாலும் நோட்டு வேண்டும். பல வீடுகளில் ஒரே போன்தான் இருக்கும், அது வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும்.

பெற்றோரிடம் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். பயிற்சி நாளும் நேரமும், வெளியூர் போனால் தனியாகக் கேட்போம் என்பது, படம் எடுக்கலாமா கூடாதா என்பது, இவ்வளவு போதும். படம் வெளியிட்டாலும் பிள்ளையின் பெயரையும் பள்ளியையும் சேர்த்துப் போட வேண்டாம்.

மீறக் கூடாத சில விதிகள்

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. தனிப் பயிற்சி தேவையென்றால் கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். பயிற்சியில் ஒரு பெண்ணாவது பொறுப்பில் இருக்க வேண்டும். கழிப்பறைச் சாவியும் அவரிடமே இருக்கட்டும். பாட்டு வாத்தியார் ஊர்ப் பெரியவர், அவரைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று சிலர் வருத்தப்படுவார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அது அவருக்கும் பாதுகாப்பு என்று சொல்லிவிடுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம். ஊருக்குள் பேசி முடித்துக்கொள்ளும் உரிமை குழுவில் யாருக்கும் இல்லை. 1098 என்ற உதவி எண்ணை நோட்டின் அட்டையிலேயே எழுதி, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று, கையில் கட்டும் கலர் கயிறு. தென் மாவட்டங்களில் அது எந்தச் சாதி என்று காட்டும் அடையாளமாக இருப்பது எல்லோரும் அறிந்தது. 2023-ல் நாங்குநேரியில் மாணவன் தாக்கப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. குழுவில் முதல் நாளே விதியாக வையுங்கள்: பாட வரும்போது மணிக்கட்டில் எதுவும் இருக்கக் கூடாது. வரிசையில் நிற்பது உயரத்தையும் குரலையும் பார்த்துத்தான். தெருவும் சேக்காளியும் பார்த்து நின்றால் ஒரு மாதத்தில் வரிசைகளுக்குள் கோடு விழுந்துவிடும். தண்ணீருக்கு ஒரே குடம், ஒரே மாதிரி டம்ளர்கள்.

கட்டை பார்ப்பது

புதிய குழுக்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கட்டை என்றால் பாட்டின் ‘ஸ’வை வைக்கும் உயரம். ஆண் பயிற்றுநர் தன் குரலுக்கு வசதியான ஒரு கட்டையில் பாடுவார். பிள்ளைகளும் அதே ஆழத்துக்கு இறங்கப் பார்ப்பார்கள், குரல் உறுமலாக வரும். “சத்தமா பாடு” என்பார். உடனே கத்துவார்கள். கத்தினால் சுருதி கீழே வழுக்கும், நாலாவது வரியில் கீபோர்டு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். குறை பிள்ளைகளிடம் இல்லை, கட்டையில் இருக்கிறது.

சரிசெய்வது எளிது. 61 கட்டை உள்ள கீபோர்டில் இடமிருந்து மூன்றாவது ‘சி’யைக் கண்டுபிடியுங்கள். இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்துக்கு இடப்பக்கம் உள்ள வெள்ளைக் கட்டைதான் சி. அதற்கு அடுத்தது, இரண்டு கறுப்புக்கும் நடுவில் இருப்பது, டி. அதையும் சேர்த்து எட்டு வெள்ளைக் கட்டை எண்ணினால் அடுத்த டி. இந்த இரண்டு டி-க்களுக்கும் இடையில்தான் பெரும்பாலான பிள்ளைகளின் வசதியான குரல் இருக்கிறது.

பாட்டின் மிகக் கீழான ஸ்வரத்தையும் மிக மேலான ஸ்வரத்தையும் கண்டுபிடித்து, இரண்டும் இந்த எல்லைக்குள் வருமாறு சுருதியை வையுங்கள். கீழ் ஸட்ஜத்தில் (ஸ) தொடங்கி மேல் ஸட்ஜத்தோடு நிற்கிற பாட்டுக்கு இரண்டு கட்டை, அதாவது டி, சரியாக வரும். மந்திர பஞ்சமத்துக்கு (கீழ் ‘ப’) இறங்கி, மத்திம ஸ்தாயிப் பஞ்சமத்தோடு (நடு ‘ப’) நின்றுவிடும் பாட்டுக்கு ஐந்து கட்டை, அதாவது சி-யிலிருந்து ஐந்தாவது வெள்ளைக் கட்டையான ஜி. எந்தக் கட்டை வைத்தாலும் எல்லையை நாலைந்து ஸ்வரம் தாண்டுகிற பாட்டென்றால் அது இந்தக் குழுவுக்கான பாட்டில்லை, விட்டுவிடுங்கள். சினிமாப் பாட்டில் பாதி இந்த வகை.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆண் குரலைக் கேட்டு ஒரு ஸ்தாயி மேலே மாற்றிப் பாடுவது கடினம். அதனால் மாதிரிக்குப் பாடிக் காட்டுவதைத் துணைப் பயிற்றுநரான அக்காவிடமோ, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடமோ விடுங்கள். அல்லது பயிற்றுநர் பெண் குரல்போல் உயர்த்திய மெல்லிய கள்ளக் குரலில் பாடிக் காட்டலாம். பிள்ளைகள் முதல் வாரம் சிரிக்கும், பிறகு பழகிவிடும்.

ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது

பள்ளி விட்டு வந்த பிள்ளைக்குப் பசிக்கும். வந்தவுடன் தண்ணீரும் ஒரு பிஸ்கட்டும் போதும். சுண்டல் பயிற்சிக்குப் பிறகுதான், சாப்பிட்ட வாயோடு மூச்சு இறங்காது. முப்பது பேருக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை. முதல்நாள் இரவே ஊறப்போட்டு வேகவைத்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும், ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம்.

முதல் ஐந்து நிமிடம் தோளை உருட்டி, கைகளை உதறி, நிமிர்ந்து நிற்கப் பழக்குங்கள். மூச்சு இழுக்கும்போது தோள் மேலே ஏறினால் மூச்சு மேலோட்டமாகப் போகிறது என்று அர்த்தம். வயிற்றில் கை வைத்து, அது முன்னால் வரும்படி இழுக்கச் சொல்லுங்கள். ‘ஸ்ஸ்’ என்று எட்டு எண்ணும்வரை விடச் சொல்லி, இரண்டு மூன்று வாரத்தில் பதினாறு வரை கொண்டுபோகலாம். அடுத்து எட்டு நிமிடம் குரலைச் சூடேற்றுவது. வாய் மூடி ‘ம்’ என்று மேலிருந்து கீழே வழுக்கிவாருங்கள். மேலிருந்து தொடங்குவதில் காரணம் இருக்கிறது. கீழிருந்து தொடங்கினால் பேச்சுக் குரலின் பாரத்தை அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போவார்கள்.

புதிய பாட்டுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் சொற்களைத் தாளத்தோடு பேசவையுங்கள், ராகம் பிறகு. பிறகு ஒரு வரியை நீங்கள் பாட, அவர்கள் கேட்க. மறுபடியும் பாடுங்கள், அவர்கள் மனதுக்குள் பாடட்டும். மூன்றாம் முறைதான் வாய் திறக்கலாம். அவர்கள் பாடும்போது நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். கூடவே பாடிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் உங்கள் குரலுக்காகக் காத்திருந்து அரை நொடி பின்னால் வருவார்கள், தவறும் உங்கள் காதில் விழாது. மீதி நேரம் தெரிந்த பாட்டுக்கு. கடைசியில் பாடுவது அவர்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும், அதை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

முதல் பாட்டு

தமிழ்த்தாய் வாழ்த்திலிருந்து தொடங்குங்கள். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை எழுதி, எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த மோகன ராகப் பாட்டு, தாளம் மும்மூன்றாக நடக்கும் திஸ்ர நடை. 2021 டிசம்பரில் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, 55 நொடியில் பாட வேண்டும் என்றும், விழாக்களில் ஒலித்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே பள்ளி விழா, பஞ்சாயத்து விழா, நூலக விழா என்று எல்லா இடத்திலும் உங்கள் குழுவுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது.

போனில் நேரம் வைத்துப் பாருங்கள். புதிய குழு இழுத்து இழுத்து 65 நொடிக்குப் போய்விடும். இழுவை பெரும்பாலும் வரி முடிவில்தான் நடக்கிறது, மூச்சு வாங்க ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். மூச்சு எடுக்கும் இடங்களை நோட்டில் ஒரு கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். ‘நிலமடந்தைக் கெழிலொழுகும்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ‘நிலமடந்தை’யோடு நிறுத்தி மூச்சு வாங்கும் பிள்ளைகள் நிறைய. ‘நிலமடந்தைக்கு எழில் ஒழுகும்’ என்று பிரித்துப் பொருள் சொல்லிவிட்டுச் சேர்த்துப் பாடவைத்தால் உடையாது. கடைசி ‘வாழ்த்துதுமே’ மூன்று முறை வரும். அங்கே ழகரம் ளகரமாகிவிடுகிறதா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். ஒருவர் பாடினால் தெரியாத இந்தப் பிசிறு, முப்பது பேர் பாடும்போது சொல்லையே மழுப்பிவிடும். மகர ஒற்றில் முடியும் வரிகளில் உதட்டைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள், ‘ம்ம்ம்’ என்று வண்டு ரீங்காரம்தான் மிஞ்சும். உயிரெழுத்தைப் பிடித்து நிற்கவைத்து, உங்கள் கை மூடும்போது எல்லோரும் சேர்ந்து உதட்டை மூடப் பழக்குங்கள்.

அடுத்து இரண்டு பாட்டு போதும். பாரதியார் படைப்புகள் 1949-லேயே நாட்டுடைமையாகிவிட்டன, பாட்டு வரிகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இன்னொன்று ஊர்ப் பாட்டாக இருக்கட்டும். கும்மியோ நடவுப் பாட்டோ தெரிந்த பாட்டி ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். அவரைப் பயிற்சிக்கே அழைத்து வந்து பாடவைத்துப் போனில் பதியுங்கள். வரியைத் திருத்த வேண்டாம். அவரும் குழுவின் ஆள்தான், மேடையில் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

பல குரலாகப் பிரித்துப் பாடும் ஆசையை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். தமிழ்ப் பாட்டுகளைப் பல குரல் சேர்ந்திசையாக அமைத்துக் காட்டிய எம்.பி. சீனிவாசன் போன்றவர்களின் வேலையைக் கேட்டால் கை துறுதுறுக்கும், உண்மைதான். ஒரே குரலாக நிற்க முடியாத குழு இரண்டாகப் பிரிந்தால் இரைச்சல்தான். தயாரானதும் மோகனத்திலேயே தொடங்குங்கள். மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லாத ராகம் என்பதால், ஒரு பகுதி ஸட்ஜம், பஞ்சமம் என்று நீட்டிப் பிடிக்க இன்னொரு பகுதி பாட்டைப் பாடினால் உறுத்தாது.

வாத்தியம்

முதல் இரண்டு மாதம் போனில் தம்புராச் செயலி, ஒரு சின்ன ஸ்பீக்கர், கைத்தாளம். இவ்வளவுதான் வேண்டும். கீபோர்டில் பாட்டையே வாசித்துக்கொடுத்தால் பிள்ளைகள் அதில் சாய்ந்துகொள்வார்கள். டோலக்கோ தபேலாவோ வாசிப்பவர் கச்சேரிக்குப் பழகியவராக இருந்தால் சத்தத்தில் பிள்ளைகளை மூழ்கடித்துவிடுவார். ஒத்திகையில் கடைசிச் சுவரோரம் நின்று கேளுங்கள், சொல் காதில் விழவில்லையென்றால் வாத்தியத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

கீபோர்டுகாரருக்கு ஓர் எச்சரிக்கை. டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக் கட்டையை மாற்றி வைத்திருந்தால், கரண்ட் போய்த் திரும்பியதும் பெரும்பாலான கீபோர்டுகளில் அது பழையபடி சுழிக்குப் போய்விடும். அதைக் கவனிக்காமல் அடுத்த பாட்டை எடுத்தால் மேடையில் மானம் போகும். கரண்ட் போனால் வாத்தியம் இல்லாமல் பாட்டைத் தொடரவும் ஒத்திகையிலேயே பழக்குங்கள், திடீரென்று சுவிட்சை அணைத்துப் பாருங்கள்.

மைக்செட்காரர்

அவரும் குழுவுக்குப் பின்னால் இருக்கும் ஆள்தான். நிகழ்ச்சிக்கு ஒருநாள் முன்பே போய்ப் பேசுங்கள். கேட்க வேண்டியவை: ஸ்டாண்டோடு மூன்று மைக், குழாய் ஸ்பீக்கர் இல்லாமல் பெட்டி ஸ்பீக்கர், எக்கோ வேண்டாம். எக்கோ வைத்தால்தான் எடுப்பாக இருக்கும் என்பார். ஒருவர் பேசும்போது சரி, முப்பது பேர் பாடினால் ஒவ்வொரு சொல்லும் அடுத்ததன் மேல் ஏறிக் குழம்பிவிடும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

பிள்ளைகளை மூன்று வரிசையாகச் சற்று வளைத்து நிறுத்துங்கள், உயரமானவர்கள் பின்னால். சுருதி நிற்கும் பிள்ளைகள் நடு வரிசையில் நடுவில். மைக்குகள் முன் வரிசையிலிருந்து இரண்டடி தள்ளி, ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளியில் இருக்கட்டும். பிள்ளைக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு மைக்குகளுக்கு இடையே இருந்தால் ஒரே குரல் இரண்டு மைக்கில் விழுந்து சப்பென்று ஆகாது. மைக்கின் தலை முன்வரிசைப் பிள்ளைகளின் தலைக்கு மேலே, பின்வரிசை முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். முன்வரிசை எப்படியும் கேட்கும். ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் வைத்தால் ‘ஊய்ங்’ என்று கூவும். பின்வரிசைக்கு உயரம் வேண்டுமென்று பள்ளி பெஞ்சில் ஏற்றாதீர்கள், ஓரத்தில் நிற்பவர் இறங்கினால் மறுமுனை கவிழும். வராந்தாப் படிகள் இருந்தால் அதுவே மேடை.

முதல் மேடையும் வெளியூரும்

ஜூன் நடுவில் தொடங்கினால் ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்கு எட்டு வாரம் கிடைக்கும், இரண்டு பாட்டுக்கு அது போதும். ஆடி மாதக் கோயில் கொடை விழா நடக்கும் நாள்களைக் காலண்டரில் அடித்துவிடுங்கள், அந்தச் சத்தத்தில் பயிற்சி நடக்காது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு. தேர்வுக்கு முந்தைய வாரம் விடுமுறை விட்டால் பெற்றோர் உங்களை நம்புவார்கள்.

கொடியேற்றத்தன்று காலையில் வெறும் வயிற்றோடு வெயிலில் நின்று மயங்கி விழும் பிள்ளை ஒன்றாவது உண்டு. ஏழு மணிக்கே ஆளுக்கொரு வாழைப்பழமும் தண்ணீரும் கொடுங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்கக் கூடாது. ரத்தம் காலில் தங்கி மூளைக்குக் குறைவாகப் போவதால்தான் தலை சுற்றுகிறது. வரிசையின் இரு முனையிலும் ஒரு பெரியவர் நிற்கட்டும். யாராவது வெளுத்தால் உட்காரவைத்துக் கூட்டிப்போவது அவர் வேலை, பாட்டு நிற்க வேண்டாம்.

உடைக்குப் பள்ளிச் சீருடையே அழகு. பட்டுப்பாவாடை என்று அறிவித்தால் இல்லாத வீட்டுப் பிள்ளை அன்று ‘காய்ச்சல்’ என்று வராது.

வெளியூருக்கு எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். டவுன் பஸ்ஸில் போக முடிந்தால் அதுவே நல்லது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் அம்மாக்கள் செலவில்லாமல் துணைக்கு வரலாம். பையன்களுக்கு டிக்கெட் எடுக்கக் காசு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போய்வரத்தான் பஸ் பாஸ், விழாவுக்குச் செல்லாது. ‘குட்டி யானை’யில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று யாராவது சொல்வார்கள், செலவும் குறைவுதான். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு, விபத்தென்றால் இன்சூரன்ஸும் கிடைக்காது. வண்டி கிடைக்காவிட்டால் நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள். ஏறும் முன், ஏறிய பின், இறங்கிய பின் என்று தலை எண்ணுங்கள். பிள்ளைகளை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்துவிட்டால் யார் இல்லை என்பதை அவர்களே முதலில் சொல்வார்கள்.

பணமும் ஆள் மாற்றமும்

பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காதீர்கள். செலவு பெரிதாக இல்லை: சுண்டல், நோட்டு, பயணப்படி, எப்போதாவது மைக்செட். நன்கொடை கொடுப்பவர் யாரானாலும் ரசீது கொடுத்து, இரண்டு பேர் கையெழுத்தோடு கணக்கு எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றோர் முன் படித்துக் காட்டுங்கள். தேர்தல் வருடத்தில் சீருடை வாங்கித் தருகிறேன் என்று வருபவர் கூடவே ஒரு பிளெக்ஸும் கொண்டுவருவார். சாதிச் சங்கத்துப் பணமும் அப்படித்தான். ஒருமுறை வாங்கினால் பாதித் தெரு வராது. போட்டியில் பரிசுப் பணம் வந்தால் என்ன செய்வது என்பதைப் போட்டிக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். வென்ற பிறகு பேசினால் சண்டைதான்.

அரசு ஆசிரியர் ஒருவரை நம்பித் தொடங்கிய குழு, கலந்தாய்வில் அவர் மாறிப்போனதும் கலைவது வழக்கம். அதைத் தடுக்க ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள் இருக்கட்டும்: வரிகள், எந்தக் கட்டை, எத்தனை நொடி, மூச்சுக் கோடுகள், யார் தொடங்குவது. ஒப்புதல் கடிதங்கள், பள்ளித் தீர்மானத்தின் நகல், மைக்செட்காரர் எண் எல்லாம் அதிலேயே. பாட்டின் பதிவுகளை இரண்டு பேர் போனில் வையுங்கள். ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் பயிற்றுநரும் துணைப் பயிற்றுநரும் உட்கார்ந்து அந்தக் கோப்பைப் பார்த்து எல்லாப் பாட்டையும் ஒருமுறை ஓட்டிப்பார்க்கட்டும். துணையானவர் தனியாக ஒரு முழுப் பயிற்சியை நடத்துவதும் அந்த மாதத்திலேயே நடக்க வேண்டும். ஜூனில் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் இரண்டு பேரைக் கூப்பிட்டு வருகைப் பதிவைக் கையில் கொடுங்கள். புது மூன்றாம் வகுப்பு வரிசையை நிறுத்துவதும் அவர்கள் பொறுப்பு.